நானூற்று இருபது

மூலனூர் பால் சங்கத்துக் கணக்கில்
பதினோரு ரூபாய் இடித்தது.
தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுக்
கடைசி பஸ் ஏறினேன்.
பக்கத்து சீட்டுக்காரர் இருமிக்கொண்டே சொன்னார்:
"தூசிங்க. ஆடி மாசமில்லீங்களா."
ஆமாங்க என்றேன்.
முகக்கவசம் பைக்குள் இருந்தது,
லெட்ஜருக்கு அடியில், மடித்தபடி.
தலைவலி என்று அன்றைக்கு மட்டும் கழற்றியது.

மூன்றாம் நாள் தாராபுரத்து லாட்ஜில்
இரண்டு கோடு.
ஒன்று அழுத்தமாக. மற்றது
அழித்து எழுதிய எண்ணைப் போல மங்கலாக.

வீட்டுக்குப் போக முடியாது.
ஈரோட்டில் தெய்வசிகாமணி
காலை ஒன்பதுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும்
அலாரம் வைத்து மாத்திரை விழுங்குகிறார்,
உடம்பின் காவல்காரனைத் தூங்கவைக்கிற மாத்திரை.
அவன் விழித்துக்கொண்டால்
என் இடது சிறுநீரகத்தைப் பார்த்து
நீ யார் என்று கேட்டுவிடுவான்.
ஆறு வருஷமாக அது அங்கே குடியிருக்கிறது.
நான்தான் வாடகை அறையில்.

சாந்தாமணி என்று ஒருவர்
லாட்ஜைக் கூட்டுகிறவர்
கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் சாப்பாட்டை வைத்து
இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போவார்.
செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகு கதவைத் திறப்பேன்.
அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் இருந்தது
கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.
ஒற்றைச் சிறுநீரகக்காரிக்கு
எல்லா வலிமாத்திரையும் ஆகாது.
எலும்பு எலும்பாக வலியை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.
இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.

போனில் கேட்டேன்:
"என்னுது எப்படி இருக்குது?"
"அதுக்கென்ன, ஜோரா இருக்குது.
இப்பத்தான் ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்."
சிரித்தேன். சிரிப்பு இருமலாகி
நிற்க நேரம் பிடித்தது.
அந்தப் பக்கம் அவர் ஒன்றும் பேசாமல்
அது முடிகிறவரை காத்திருந்தார்.

பதினொரு ராத்திரி.

அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்தக் கருவி.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
நாலு பேர் விட்ட மூச்சு
எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று எண்ணில் காட்டும்.
வெட்டவெளியில் நானூற்று இருபது.
ஊரில் அது ஏமாற்றுக்காரனின் எண்.
எனக்கு அதைவிட நேர்மையான எண் கிடையாது.

பெருந்துறை ஏசி மண்டபத்தில் இரண்டாயிரத்து அறுநூறு.
மணமக்களுக்குக் கையை மட்டும் காட்டிவிட்டு
பின்கட்டில், அண்டா கழுவுகிற இடத்தில்
இலையைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிட்டேன்.
நாத்தனார் தேடி வந்துவிட்டார்.
"இன்னுமுங்களா? அதெல்லாம் போயிருச்சேங்க."
எந்த பஸ்ஸில் போனது என்று நான் கேட்கவில்லை.
ரசம் சூடாக இருந்தது. மணம்
பாதிதான் திரும்பி வந்திருக்கிறது.
மாடிப்படி ஏழாவதில் ஒருதரம் நிற்கிறேன்,
சேலையைச் சரிசெய்கிறவள் மாதிரி.

இன்றைக்கு வெள்ளகோவில் தாண்டி
கணவாய் வழியாக வந்த காற்று
பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.
எல்லோரும் ஷட்டரை இறக்குகிறார்கள்.
கண்ணில் மண் விழுகிறதாம், பாப்பாவுக்குச் சளியாம்.
நியாயம்தான்.
ஆயிரத்து நூறு. ஆயிரத்து முந்நூற்றைம்பது.
எழுந்து போய்
படிக்கட்டை ஒட்டி, ஷட்டர் துருப்பிடித்து
இறங்கவே இறங்காத அந்த ஒரு சீட்டில் உட்காருகிறேன்.
கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.
நானூற்று முப்பத்தொன்று.

ஒன்பது மணி.
"போட்டாச்சுங்களா?"
"என்னது?"
"மாத்திரைங்க!"
"காத்து இரையுது, ஒண்ணும் கேக்கல.
சன்னலைச் சாத்திட்டுப் பேசு."

வாயோரம் போனை நெருக்கிப் பிடித்து
மறுபடி கேட்கிறேன், இன்னும் சத்தமாக.